துருத்தி வைத்த வண்டி

கிளிஞ்சல்மேட்டில் விசாலாட்சியைப் போலப் பயப்பட ஆள் கிடையாது. அதை அவளே ஒத்துக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முகம் தெரிகிற இடமாகத் தேடி உட்காருவாள். அவர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். கியாஸ் அடுப்பு வீட்டுக்கு வந்த புதிதில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். குப்பத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "விசாலாட்சியக் கொசு கடிச்சாக்கூட ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லணும்" என்று பக்கத்து வீட்டுக் காசியம்மா மீன் ஏலம் விடுகிற இடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். விசாலாட்சியும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்த வாய் மூடுவதற்குள், தம்பி எங்கே போனான், எந்த வண்டியில் போனான் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பிறக்கும்போதே அவள் இப்படிப் பிறக்கவில்லை. அம்மா மஞ்சள்காமாலையில் போனபோது விசாலாட்சிக்குப் பதினான்கு வயது, தம்பி சசிதரனுக்கு நாலு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே கூடை சுமந்தவள். காரைக்கால் மார்க்கெட்டில் இடத்துக்குச் சண்டை வந்தால் ஆம்பிளைகளே இரண்டடி தள்ளி நின்று பேசுவார்கள். அமிர்தலிங்கம் பெண் கேட்டு வந்தபோது, "எந்தம்பியும் கூட வருவான், சம்மதம்னா தேதி குறிங்க" என்று கூடத்துக்கு வந்து நேராகச் சொன்னாள். அந்த மனிதரும் தங்கமானவர். மச்சானைப் பிள்ளை மாதிரியே வைத்துக்கொண்டார்.

சுனாமி அன்றைக்கு அமிர்தலிங்கம் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குள் போயிருந்தால் பிழைத்திருப்பார். அன்று உள்ளே போன போட்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தார்கள். கரையில் உட்கார்ந்திருந்தவரைக் கடல் வந்து கூட்டிக்கொண்டு போனது. அதே அலை சசிதரனையும் இழுத்துப் போய், ஒரு பனைமரத்தில் மோதவிட்டு, மரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. சாயங்காலம் சேறும் ரத்தமுமாக வந்தவன், "ரொம்ப உப்புக்கா" என்று சொல்லிச் சிரித்தான். ஊரே அழுதுகொண்டிருந்தது, இவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷத்தில்தான் விசாலாட்சிக்குப் பயம் வந்தது. உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருப்பது இவன் ஒருவன். அந்த ஒருவனுக்கும் தன் உயிரின் அருமை தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிவாரணம் வந்தது. ஆட்களைவிடப் போட்டுகள் அதிகம், போட்டுகளைவிட என்ஜின்கள் அதிகம். எந்த நாட்டு என்ஜின் என்றே தெரியாமல் வந்து இறங்கி, ஆறு மாதத்தில் துருப்பிடித்துக் கிடந்தவற்றையெல்லாம் சசிதரன் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். அப்படித்தான் மெக்கானிக் ஆனான். கடற்கரைக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டான். குரும்பகரத்திலிருந்து எழிலன் என்ற பையன் வந்து சேர்ந்துகொண்டான். பாலிடெக்னிக் படித்தவன், அப்பா நெல் விவசாயி. இரும்பு பற்றவைப்பதில் அவன் வேலை சுத்தம். பகலெல்லாம் இருவரும் போட்டு என்ஜின் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் அவர்கள் பார்த்தது வேறு வேலை.

மோட்டார் சைக்கிள் கட்டினார்கள். ரிப்பேர் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம், குழாய் வளைத்து, சட்டம் பற்றவைத்து, முழுசாகவே கட்டினார்கள். எங்கோ விபத்தில் நொறுங்கிய ஜப்பான் ரேஸ் வண்டியின் நாலு சிலிண்டர் என்ஜின், சென்னைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதன் தலைமேல், ஒரு சின்ன ஜப்பான் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரை உட்கார வைத்தார்கள். என்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, காற்றை நெருக்கி அதன் வாயில் திணிக்கிற யந்திரம் அது. கொல்லன் பட்டறைத் துருத்தி ஊதினால் கரி எப்படிச் சீறுமோ, அப்படிச் சீறும். விசாலாட்சி அதைத் துருத்தி என்றே சொல்வாள். சசிதரனும் திருத்திப் பார்த்து அலுத்து, துருத்தி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

முதல் வண்டியை, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு பிரான்சுக்காரர் பார்த்தார். பிரான்சுக்காரர் என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம் காரைக்கால்காரர்தான், பிள்ளை குட்டியோடு அங்கே குடியிருப்பவர். பார்த்தவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். அடுத்ததைத் தங்களுக்கென்று கட்டினார்கள். அதற்குப் பெயர் வைக்கவில்லை, "ரெண்டாவது" என்றே சொன்னார்கள். உலகத்திலேயே இந்த மாதிரி ரெண்டுதான், ஒன்று பாரிஸ் பக்கம், ஒன்று கிளிஞ்சல்மேட்டில் என்று எழிலன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். கறுப்பு வண்டி. முன்முகத்தில் இரண்டு விளக்குக்கும் நடுவே சுறா வாய் மாதிரி ஒரு திறப்பு. சும்மா நிற்கும்போதே பார்க்கிறவனைக் கடிக்கிற மாதிரி இருக்கும்.

அதை முதல்முதலாக உசுப்பிய அன்று விசாலாட்சி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சாதாரண உறுமல்தான். பிறகு அதற்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு ஊளை கிளம்பியது, ஏறியது, இன்னும் ஏறியது. அலை வருவதற்கு முன்னால் அன்றைக்குக் காதில் விழுந்த சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கருவாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். "அணைடா. அணைடான்னா" என்று கத்தினாள். சசிதரன் அணைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான்.

"இதுல நீ ஏறக் கூடாது" என்றாள்.

"ஏறாம? போட்டு கட்டுனா கடல்ல எறக்காம கரையிலயே வச்சிப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா அக்கா?"

"வேற யாரையாவது ஓட்டச் சொல்லு."

"வேற யாரு உசுரு போனா பரவால்லங்குற?" என்று கேட்டான். எழிலன் உடனே, என் உசுரு இல்லை என்கிற மாதிரி இரண்டடி பின்னால் போனான். மூவரும் சிரித்தார்கள். விசாலாட்சி சிரித்ததோடு சரி, அன்றையிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. மீன் அறுக்கும்போதும், குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போதும், அவன் தார் ரோட்டில் விழுந்து கிடக்கிற மாதிரியே கண்ணில் வந்தது. எந்த ரோடு என்றுகூடத் தெரியும் அவளுக்கு. சட்டை என்ன நிறம் என்றும் தெரியும்.

ஓட்டிப் பார்க்கிற நாளைச் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலை என்று வைத்துக்கொண்டார்கள். வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில் வயலுக்கு நடுவே புதிதாகப் போட்ட ரோடு, இன்னும் பஸ் விடவில்லை, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகக் கிடந்தது. குறுவை அறுத்துக்கொண்டிருந்த நேரம். புது ரோடு கிடைத்தால் விவசாயிகள் விடுவார்களா, நெல்லைக் கொட்டிக் காயப்போட்டுவிட்டார்கள். எழிலன் தன் சாதிசனத்திடம் பேசி, வெயில் ஏறும்வரை ரோட்டைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருந்தான்.

பூஜையன்று கொட்டகையைக் கழுவி, ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். ரெண்டாவதுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க சசிதரன் சம்மதித்தான். மாலை போட விடவில்லை. "சக்கரத்துல சுத்திக்கும்க்கா" என்றான். விசாலாட்சி சரி என்று கேட்டுக்கொண்டாள். அவள் மனசில் வேறு ஒன்று இருந்தது.

அவர்கள் பங்காளிகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் போட்டு கடலில் இறங்குவதற்கு முன்னால், வீட்டுப் பெண் ஒருத்தி, மஞ்சளில் நனைத்த துணியில் விபூதியும் அம்மன் கோயில் வேப்பிலையும் முடிந்து, அணியத்தில் கட்டுவாள். அணியம் என்றால் போட்டின் முன்மூக்கு, அலையை முதலில் வாங்குகிற இடம். உட்பக்கமாக, ஒருவர் கண்ணிலும் படாமல் கட்டவேண்டும். போட்டு முதல்தரம் போய்த் திரும்பிக் கரை சேரும்வரை கட்டினவள் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கட்டு பலிக்காது. அமிர்தலிங்கத்தின் போட்டுக்குக் கட்டிய அன்று, புதுப்பெண் குதூகலத்தில், "எங்க கட்டியிருக்கேன் சொல்லுங்க பாப்போம்" என்று புருஷனிடம் உளறிவிட்டவள் அவள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் போட்டு நன்றாகத்தான் ஓடியது. அவர் செத்ததும் போட்டில் இல்லை, கரையில். ஆனாலும் அவளுக்கு அந்த உளறல் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

சாயங்காலம் இருவரும் பொரி தின்றுகொண்டே டீக்கடைப் பக்கம் போனதும், விசாலாட்சி வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினாள். வண்டிக்கு அணியம் எது? பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சுறா வாய்தான். கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே குறுக்கே ஒரு கம்பி ஓடியது. கட்டுவதற்கென்றே வைத்தது போல இருந்தது. சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் முடிச்சைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். "ஆத்தா, இவன ஒழுங்கா கொண்டாந்து சேத்துரு" என்று சொல்லி எழுந்தாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் அவள் மறுபூஜைக்குத் தேங்காய் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது ரெண்டாவது இல்லை. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு விடியும்போதே கிளம்பிவிட்டார்கள். சசிதரனின் செல்போன் படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. கோபப்பட்டுக்கொண்டே கற்பூரம் ஏற்றினாள். அப்போது எழிலன் தன் பைக்கில் புழுதி பறக்க வந்து நின்றான்.

"கயித்த மறந்துட்டுப் போயிட்டோம்க்கா. பூஜையில வச்சது" என்று படத்துக்கு முன்னாலிருந்து ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்தான். போட்டு என்ஜினில் இருக்கிற கயிறுதான். ஒரு முனை ஓட்டுகிறவன் கையில், மறுமுனை என்ஜினில். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். அதையே ரெண்டாவதுக்கும் வைத்திருந்தார்கள். "அது இல்லாம ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிட்டு வந்திருக்கேன். பயப்படாதீங்க."

அவன் அப்படிச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏந்தம்பி, முன்னால வாய் மாதிரி இருக்கே, அது அழகுக்கா?"

"அழகுக்கா? நல்லா கேட்டீங்க போங்க. வண்டி மூச்சு உடுறதே அதுலதான். துருத்திக்குப் போற காத்து பூரா அந்த வழியாத்தான் போவணும். முழுசா முறுக்குனா என்ன இழு இழுக்கும் தெரியுமா, பக்கத்துல கை வச்சா கையையே இழுக்கும்."

விசாலாட்சிக்குத் தேங்காய் உடைக்கிற கை அப்படியே நின்றது. "இலை, துணி, ஏதாவது உள்ள போயிட்டா?"

"சல்லடை இருந்துச்சிக்கா. காத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு இன்னைக்கு ஒரு நாளு வேணாம்னு அண்ணன் முந்தாநேத்தே கழட்டிட்டாரு." அவன் கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான். "துணி கிணி போனா அவ்ளோதான். காத்த அடைக்கிற தகடு மூடாது. கைய உட்டாலும் வண்டி நிக்காது, போய்க்கிட்டே இருக்கும். அங்க ஏது துணி?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. திறந்தால் கட்டு பலிக்காது. ஒரு தரம் திறந்து பட்டது போதாதா? ஆனால் திறக்காவிட்டால்? இரண்டுக்கும் நடுவே அவள் மாட்டிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எழிலன் "வரேங்க்கா" என்று கிளம்பிப் போயேவிட்டான். பைக் சத்தம் திருப்பத்தில் தேய்ந்தபோதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. "எழிலா" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தெருவில் புழுதி மட்டும் இருந்தது.

மீன் லோடு ஆட்டோ ஓட்டுகிற இளையபெருமாள், வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். விசாலாட்சி போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணே, வரிச்சிக்குடிக்கு வுடுங்க."

"காய ஒடச்சிட்டு..."

"எந்தம்பிய நானே கொன்னுட்டேண்ணே. வுடுங்க."

அவர் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். வழியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, கட்டு உடைகிறதே, உடைகிறதே என்று இடையிடையே வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியின் செல்போனை எடுத்து வந்திருந்தாள். இளையபெருமாள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அதிலிருந்து எழிலனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பைக் ஓட்டும்போது போன் எடுக்காதே என்று தலையில் அடித்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே விசாலாட்சிதான்.

அந்த ஆட்டோ மீன் சுமந்து சுமந்து முதுகு ஒடிந்தது. இளையபெருமாள் என்ன மிதித்தாலும் ஒரே வேகம்தான். வாழைக்கன்று காற்றில் ஆடி ஆடி அவள் முகத்தில் அடித்தது. கோட்டுச்சேரியில் பொட்டு வைத்த பஸ் ஒன்று நடுரோட்டில் நின்று சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கற்பூரத் தட்டைச் சுற்றி முடிக்கும்வரை இவர்கள் பின்னால் நின்றார்கள். விசாலாட்சி அம்மனை வேண்டவில்லை. வேண்டிக் கட்டியதுதானே அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. என்ன சொல்லி வேண்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

புது ரோட்டின் கிழக்கு முனைக்குத்தான் ஆட்டோ போய்ச் சேர்ந்தது. வண்டி புறப்படுகிற இடம் மேற்கு முனை, கண்ணுக்கெட்டாத தூரம். இந்த முனையில் ரோட்டோரமாக நெல் மூட்டைகள், வைக்கோல் போர், வெயில் ஏறட்டும் என்று காத்துக்கொண்டு ரோட்டிலேயே கால் நீட்டி உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள். அவர்களில் பெரியவளான பூவாயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"வண்டி வந்துச்சா?" என்று கேட்டாள் விசாலாட்சி.

"வந்துச்சும்மா. மெதுவா இந்தா இது வரைக்கும் வந்து திரும்பிப் போச்சி. நல்லாத்தான் போச்சி. ஓட்டுன புள்ள கூட எங்களப் பாத்துக் கைய ஆட்டுனிச்சி."

போய்த் திரும்பிவிட்டான். முதல்தரம் போய்க் கரை சேர்ந்தாயிற்று. இனி வாய் திறக்கலாம். நடந்தே போய், காதைப் பிடித்துத் திருகி, "சல்லடையக் கழட்டச் சொன்னது எவன்டா" என்று கேட்கலாம். அவள் சிரிக்கக்கூட வாயெடுத்தாள். அப்போது மேற்கே அந்த ஊளை கிளம்பியது.

மெதுவாக ஓட்டியதில் துணி அசைந்திருக்காது. முழுசா முறுக்கினால்தான் இழுக்கும். எழிலன் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. நடுரோட்டுக்கு ஓடினாள். முந்தானையை அவிழ்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசினாள். "நில்லு. நில்லுடா." இளையபெருமாள் பின்னாலிருந்து ஓரமா வா, ஓரமா வா என்று கத்தினார். அவர் பிடிக்க வருவதற்குள் அவள் இன்னும் முன்னே ஓடினாள். தூரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அது கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. மனுஷன் இவ்வளவு வேகத்தில் வரமுடியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். உடம்பு நிமிர்ந்ததில் தெரிந்தது. ஆளைப் பார்த்தால் கையை விடுவான், சத்தம் இறங்கும். அவள் அந்தச் சத்தம் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். இறங்கவில்லை. ஊளை அதே உச்சியில் நின்றது. பிறகு இன்னும் ஏறியது.

விலகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சசிதரனின் இடது கை எதையோ பிடித்து இழுப்பது தெரிந்தது. சட்டென்று சத்தம் செத்தது. அதுதான் இன்னும் பயங்கரம். சத்தமே இல்லாமல், டயர் மட்டும் கிறீச்சிட, அந்தக் கறுப்பு அவளை நோக்கி வந்தது, ஆடியது, சாய்ந்தது. அவள் புடவையைக் காற்று பிடுங்குகிற நெருக்கத்தில் விலகி, ரோட்டை விட்டு இறங்கி, அறுத்த வயல் சேற்றில் போய்ப் புரண்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது சசிதரன் சேற்றில் மல்லாந்து கிடந்தான். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சிவப்புக் கயிறு மணிக்கட்டில் தொங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் திறந்திருந்தது.

"நாந்தான்டா கட்டுனேன். வாயில நாந்தான் துணியக் கட்டுனேன்" என்று அவன் மார்பில் விழுந்து அழுதாள்.

அவன் திட்டவில்லை. நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். ஆட்டோவில் ஏற்றும்போதும், ஆஸ்பத்திரியில் டாக்டர் விடச் சொன்னபோதும் விடவில்லை.

தோள் எலும்பு கூடிவிட்டது. எழிலன் வண்டியைப் பிரித்து, காற்றுத் தகட்டில் சுருண்டு மாட்டியிருந்த மஞ்சள் துணியைக் குறட்டால் இழுத்து எடுத்தான். சல்லடையைக் கழற்றவிட்டது தன் தப்பு என்று அவன் பத்துத் தரம் சொல்லியிருப்பான். குறுக்கே போய் நின்று தம்பியைக் கவிழ்த்தாள் என்று குப்பத்தில் சிலர் பேசினார்கள். பூவாயி கட்சி வேறு. அந்த அம்மா நிற்காவிட்டால் அவன் அவ்வளவு முன்னாலேயே கயிற்றை இழுத்திருக்க மாட்டான், எங்கள் மேலேதான் வந்து ஏறியிருப்பான் என்று அவள் சந்தையில் எல்லாரிடமும் சொன்னாள். இரண்டும் விசாலாட்சியின் காதுக்கு வந்தது. அவளுக்கு எதுவானாலும் சரி. அவன் உயிரோடு இருந்தான்.

ரெண்டாவதைச் சேறு கழுவிச் சரிசெய்து, அந்தப் பிரான்சுக்காரருக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி எழிலன் பேச்செடுத்தால் சசிதரன் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவான். போட்டு என்ஜின் பார்த்தான். நேரத்துக்குச் சாப்பிட வந்தான். எங்கே போகிறான் என்று விசாலாட்சி கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவன் எங்கும் போகவில்லை. ஊர்ப் பெண்கள், "ஒனக்கு இப்பத்தான் நிம்மதி" என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

மறு வருஷம் அவளைக் கூடையோடு மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுவதற்காக ஒரு பழைய டி.வி.எஸ் மொபெட்டை வாங்கினான். பின்னால் அவள் மடியில் கூடை, கூடையில் சங்கரா மீனும் காலா மீனும். முதல்நாள் பாலத்தில் ஏறும்போது எதிரே ஒரு லாரி வந்தது. நல்ல தூரம் இருந்தது. சசிதரன் வண்டியை ஓரங்கட்டி, நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டான். லாரி போனது. அடுத்து ஒரு பஸ், பிறகு ஒரு டிராக்டர். எல்லாவற்றுக்கும் நின்றான். பின்னால் வந்த தயிர்க்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு இவர்களைத் தாண்டிப் போனார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன் தம்பி" என்றாள் விசாலாட்சி.

சசிதரன் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன.

"பயமா இருக்குக்கா" என்றான்.

இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள். பனைமரத்தைப் பிடித்துப் பிழைத்து வந்த அன்றைக்குக்கூட அவன் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. பாலத்திலேயே இறங்கி உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது அவளுக்கு. மடியில் மீன் இருந்தது, மார்க்கெட்டுக்கு நேரமாகியிருந்தது. "சரிடா தம்பி, மெதுவாவே போ" என்றாள்.